கொழும்பில் குற்றக்கதையும் சாகச வரலாறும் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

வவுனியாவிலிருந்து வேலைக்காகக் கொழும்புக்கு வந்தபோது எனக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது. சனி, ஞாயிறுகளில் துப்பறியும் கதைகளையும் அவற்றைவிடக் கனமான உண்மை வழக்குகளையும் கடற்பயணங்களையும் தேடிப் படிக்க வேண்டும். ஆனால் முதல் புத்தகத்தை நூலகத்திலிருந்து அறைக்குக் கொண்டுவர ஏழு மாதம் பிடித்தது. அலுமாரியில் புத்தகம் இருந்தது, என் கையில்தான் கடிதம் இல்லை. எந்தக் கடிதம், யாரிடம், எந்த வரிசையில் என்று சொல்லித்தர ஒருவரும் கிடைக்கவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

1. ஒரு பெயர், ஓர் ஆண்டு, ஓர் ஊர்

"கொலை வழக்குகளைப் பற்றி ஏதும் புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்டால் எந்த நூலகராலும் உதவ முடியாது. ஒரு சம்பவத்தைத் தேர்ந்து, அதன் பெயரையும் ஆண்டையும் ஊரையும் ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எங்கே போனாலும் அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும்.

எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் இவற்றில் ஒன்றை எடுங்கள். கொள்ளைக்காரன் உதுவன்கந்தை சரதியேல், மாவனல்லைப் பக்கம், 1864. அவரைப் பிடிக்கப் போன கான்ஸ்டபிள் சபான் அந்த ஆண்டு மார்ச் 21 அன்று சுடப்பட்டு இறந்தார், சரதியேல் மே 7 அன்று கண்டியில் தூக்கிலிடப்பட்டார். அடுத்தது எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல், 1914. கெட்டிக்காரனை "அவன் பெரிய எம்டன்" என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறோமே, அந்தக் கப்பல்தான். சென்னை மீது குண்டு போட்டது செப்டம்பர் 22, கொக்கோஸ் தீவில் முடிந்தது நவம்பர் 9, அதன்பின் பிடிபட்ட மாலுமிகளைக் கொண்டுவந்து இறக்கியது கொழும்புத் துறைமுகத்தில். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பல் நம் ஊர் மாலுமிகளோடு அத்திலாந்திக் தாண்டி அமெரிக்காவின் குளொஸ்டர் துறைக்குப் போய்ச் சேர்ந்தது 1938இல். ஆழிக்குமரன் ஆனந்தன் பாக்கு நீரிணையை நீந்திப் போய்த் திரும்பியது 1971இல். கொழும்புக்குள்ளேயே வேண்டுமென்றால், மனைவியைக் கொன்றதாகக் கிரிக்கெட் வீரர் சதாசிவம் மீது வந்த 1951ஆம் ஆண்டின் வழக்கு, அல்லது 1959இல் பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்ட வழக்கு.

ஆண்டை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்தப் பத்திரிகையைக் கேட்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. வீரகேசரி தொடங்கியது 1930இல், தினகரன் 1932இல். எம்டன் பற்றிய செய்திக்கு வீரகேசரி கேட்டு வரிசையில் நின்றால் அரை நாள் வீண். 1864க்கும் 1914க்கும் கொழும்பின் ஆங்கிலப் பத்திரிகைகள்தான் வழி. யாழ்ப்பாணத்து உதயதாரகை 1841இலேயே தொடங்கியது, அதையும் கேட்டுப் பார்க்கலாம்.

பெயரைப் பல எழுத்துக்கூட்டல்களில் எழுதிவைப்பதும் முக்கியம். சரதியேல், சரடியல், சர்தியல் என்று தமிழிலேயே மூன்று விதமாக அச்சிட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் அப்படியே.

2. ஆவணக் கட்டு

இதற்கு ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள். மற்ற எல்லாப் படிகளும் இதில்தான் தங்கியிருக்கின்றன.

கொழும்பில் தங்கியிருக்கும் நம்மில் பெரும்பாலானவர்களின் அடையாள அட்டையில் ஊர் முகவரிதான் இருக்கும். வாக்காளர் பட்டியலிலும் ஊரில்தான் பெயர். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் வரும். ஆக, நீங்கள் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கிறீர்கள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் உங்களிடம் இருக்காது. நூலகத்தில் உறுப்பினராகப் போனால் முதல் கேள்வியே அதுதான்: கொழும்பில் எங்கே இருக்கிறீர்கள், அல்லது எங்கே வேலை செய்கிறீர்கள்?

இவற்றைச் சேர்த்து ஓர் உறையில் வையுங்கள்: தேசிய அடையாள அட்டையின் இரு பக்கமும் ஒரே தாளில் எடுத்த போட்டோ கொப்பி, மூன்று பிரதி. பாஸ்போர்ட் அளவுப் படம், நான்கு. வேலைத்தளக் கடிதம். வீட்டுக்காரரின் கடிதம், அதோடு அவருடைய கரண்ட் பில் அல்லது சோலைவரிப் பற்றுச்சீட்டின் பிரதி. கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ்.

இவற்றில் லேசானது வேலைத்தளக் கடிதம். கொழும்பு முகவரியுள்ள கடிதத்தலைப்பில், பதவி முத்திரையோடு வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதத்தை நான் ஓர் இடத்தில் நீட்டி, இரண்டு பஸ் ஏறித் திரும்பி வந்தேன்.

வீட்டுக்காரர் கடிதம்தான் கஷ்டம். எங்கள் வீட்டுக்கார அன்ரியிடம் நான் நேரே போய்க் கேட்டேன்.

"அன்ரி, நான் இங்க இருக்கிறன் எண்டு ஒரு கடிதம் தருவீங்களா?"

"என்னத்துக்குத் தம்பி? என்ர பேரில ஒண்டும் வேண்டாம். பிறகு பொலிஸ், வரி எண்டு ஆராவது வந்து நிண்டால் நான் என்ன செய்யிறது?"

அவர் பயந்தது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். கொழும்பில் தமிழர்களுக்கு அறை கொடுத்தவர்கள் எத்தனை தரம் பொலிஸ் பதிவுக்கு அலைந்தார்கள் என்பது அந்தத் தலைமுறைக்கு மறக்காது. ஆகவே வெறுங்கையோடு போய்க் கேட்காதீர்கள். நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். நான் இரண்டாம் முறை கொண்டுபோனது இதுதான்: "மேற்படி நபர் இன்ன திகதியிலிருந்து என் வீட்டில் வசித்து வருகிறார். இக்கடிதம் நூலக அங்கத்துவம் பெறுவதற்கு மட்டும் வழங்கப்படுகிறது." அந்த "மட்டும்" என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டிருந்தேன். அன்ரி கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். வாடகைத் தொகை எங்கேயும் இல்லை என்பதைப் பார்த்த பிறகு, "புத்தகம் எடுக்கத்தானே? சரி, பேனையைத் தா" என்றார். இப்போது நான் எடுத்துவரும் குடும்ப நாவல்களை என்னைவிட வேகமாக முடிப்பவர் அவர்தான்.

இந்தக் கடிதத்தோடுதான் கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டும். அவர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்க மாட்டார். கதவில் நாளும் நேரமும் எழுதியிருக்கும், வேலைக்குப் போகும் வழியில் அதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் பிரதேச செயலகத்தின் மேலொப்பம் தேவைப்பட்டால், உங்கள் பகுதி எந்தச் செயலகத்துக்குள் வருகிறது என்று முதலே கேளுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி எல்லாம் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கு உரியவை. "கொழும்பு" என்று பெயர்ப்பலகை பார்த்து வேறு செயலகத்தில் வரிசை நின்றால் அன்றைய அரை நாள் லீவு போய்விடும். சான்றிதழ் சில மாதங்களுக்குத்தான் செல்லும். வாங்கி வைத்துவிட்டு ஆறுதலாகப் போகலாம் என்று இருக்காதீர்கள்.

3. கடிதம் வரும்வரை காசில்லாமல் படியுங்கள்

ஆவணம் சேரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களும் பழைய இதழ்களும் பத்திரிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. உறுப்பினராகக்கூடத் தேவையில்லை. மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பிலும் பழைய தமிழ் நூல்கள் உண்டு.

கதையில் தொடங்க விரும்புபவர்கள் சித்திலெவ்வையின் "அசன்பே சரித்திர"த்தைத் தேடுங்கள். 1885இல் வந்தது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படுவது. பிள்ளை கடத்தல், நாடு விட்டு நாடு ஓட்டம், ஆபத்து எல்லாம் அதிலேயே இருக்கிறது. பழைய நடை முதல் பத்துப் பக்கம் இழுக்கும், அதற்குப் பிறகு கதை உங்களைக் கொண்டுபோய்விடும்.

படப்பிரதிகளில் சொல்லை வைத்துத் தேடினால் பெரும்பாலும் அகப்படாது. இதழின் பெயர், ஆண்டு, மாதம் என்று இறங்கிப் போய், பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். தொலைபேசியில் கண் வலிக்கும். அலுவலகக் கணினியில் மதிய இடைவேளையில் பார்ப்பது நல்லது.

4. நூலக அட்டை

முதலில் வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்குப் போங்கள். காலி வீதியில் 100, 101 பஸ் எது வந்தாலும் ஏறலாம். 57ஆவது ஒழுங்கை என்று கேட்டாலும் உருத்திரா மாவத்தை என்று கேட்டாலும் காட்டுவார்கள். தமிழிலேயே கதைத்து, தமிழிலேயே படிவம் நிரப்பி, தமிழ் நாவல்களின் வரிசைக்கு நேரே போகலாம். புதிதாக வந்த ஒருவருக்கு அந்த நிம்மதி சின்ன விஷயமில்லை.

அடுத்தது சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் இருக்கும் கொழும்புப் பொது நூலகம். 138 பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. இரவல் பகுதிக்கும் உசாத்துணைப் பகுதிக்கும் உள்ள வித்தியாசத்தை வாசலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். உசாத்துணையில் இருப்பதை அங்கேயே உட்கார்ந்துதான் படிக்கலாம். சுதந்திர அவென்யூவிலுள்ள தேசிய நூலகத்திலும் உட்கார்ந்து படிப்பதுதான். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணத்தோடு அங்கே போகாதீர்கள்.

இரவல் அட்டைக்குப் பிணைக் கையெழுத்தோ வைப்புப் பணமோ கேட்டால் கலங்க வேண்டாம். மாநகர எல்லைக்குள் சொந்த வீடு வைத்து வரி கட்டும் ஒருவரை முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள், உறவினர், மேலாளர், கோயில் பழக்கம், யாராக இருந்தாலும் சரி. வைப்புப் பணம் கட்டினால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அது இல்லாமல் கொழும்பை விட்டுப் போகும்போது காசைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

போயா நாளில் போகாதீர்கள். மாதத்துக்கு ஒன்று வருவதால் நாட்காட்டியில் சிவப்பு வட்டம் போட்டுவிடுங்கள்.

5. புத்தகம் வாங்குதல்

புதுப் புத்தகம் என்றால் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் தமிழ்க் கடைகள் உண்டு. தமிழ்நாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் அச்சாகியிருப்பது இந்திய ரூபாய். நாணய மாற்று, கப்பல் செலவு எல்லாம் சேர்ந்து இங்கே விலை பல மடங்காகும். அட்டையைப் பார்த்துக் கணக்குப் போடாமல், எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் விலை கேளுங்கள். செப்டம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியில் கழிவு கிடைக்கும். தமிழ்க் கடைகள் அங்கே குறைவு, ஆகவே முதல் சனிக்கிழமைக் கூட்டத்தில் இடிபடாமல் வேலை நாளில் போங்கள்.

பழைய புத்தகத்துக்கு மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாகக் கடைகள். பழையவர்கள் மக்கலம் ரோட் என்பார்கள். பெரும்பாலும் சிங்களமும் ஆங்கிலமும்தான், தமிழ் அடியில் கிடக்கும். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த் என்று பெயர் சொல்லிக் கேட்டால் கடைக்காரர்கள் உள்ளேயிருந்து ஒரு கட்டை எடுத்துப் போடுவார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வேறோர் இடத்தில், ஒரு பழைய துப்பறியும் நாவலை 250 ரூபாய்க்கு வாங்கி, ஒரே இரவில் படித்துக்கொண்டு போனேன். கொலைகாரன் யார் என்று துப்பறிபவர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துப் பேசத் தொடங்கும் இடத்தில், 176ஆம் பக்கத்தோடு புத்தகம் முடிந்துவிட்டது. கடைசிப் பதினாறு பக்கம் இல்லை. இன்றுவரை அந்தக் கொலைகாரன் யாரென்று எனக்குத் தெரியாது. அச்சகத்தில் பதினாறு பதினாறு பக்கமாக மடித்துத் தைப்பதால், தையல் விட்டால் ஒரு முழு மடிப்பே கழன்று போகும். ஆகவே காசு கொடுக்குமுன் கடைசிப் பக்கத்தில் "முற்றும்" இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பதினாறு, முப்பத்திரண்டு, நாற்பத்தெட்டு என்று பக்க எண்களைத் தட்டிப் பாருங்கள். வாரப் பத்திரிகைத் தொடரை யாரோ கிழித்துத் தைத்த கட்டு என்றால் அத்தியாய எண் ஒவ்வொன்றையும் பாருங்கள், நடுவில் ஒரு வாரம் காணாமல் போயிருக்கும்.

6. பழைய பத்திரிகை

கொழும்பு 7இல் பிலிப் குணவர்தன மாவத்தையிலிருக்கும் தேசிய சுவடிகள் திணைக்களம்தான் இதற்கு இடம். வேலை நாளில்தான் போக வேண்டியிருக்கும், ஆகவே ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். வாசகர் அனுமதிக்கு அடையாள அட்டை வேண்டும், என்ன ஆராய்ச்சி என்றும் எழுத வேண்டும். "பொழுதுபோக்கு" என்று எழுதாமல் சம்பவத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். உங்கள் கொப்பியின் முதல் பக்கம் இங்கே கைகொடுக்கும். மாணவர் என்றால் பல்கலைக்கழகக் கடிதமும் கொண்டுபோங்கள்.

பையை வெளியே வைத்துவிட்டு, தாளும் பென்சிலும் மட்டும் உள்ளே எடுத்துச் செல்லுங்கள். பேனை வேண்டாம், மை ஒரு துளி பட்டாலும் அந்தத் தாள் போய்விடும். கோரிக்கைச் சீட்டில் பத்திரிகை, ஆண்டு, மாதம் ஆகியவற்றை ஆங்கிலத்திலும் எழுதிக்கொண்டு போனால் வேலை விரைவாக நடக்கும். சம்பவத் திகதிக்கு அடுத்த நாளிலிருந்து தேடுங்கள், அன்றைய காலைப் பத்திரிகையில் ஒன்றும் இராது. 1959 செப்டம்பர் 25 காலை ரோஸ்மீட் பிளேஸில் பண்டாரநாயக்க மீது நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கு 26ஆம் திகதியிலிருந்து பாருங்கள்.

போட்டோ கொப்பிக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். நொறுங்கும் நிலையிலுள்ள கட்டுகளைப் பிரதி எடுக்க விடமாட்டார்கள். கையால் எழுதத் தயாராகப் போங்கள். தொலைபேசியில் படம் எடுப்பதற்கு முன் கட்டாயம் அனுமதி கேளுங்கள்.

போர்க்காலப் பத்திரிகை வாசிப்பதில் கவனம் வேண்டும். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அப்போது தணிக்கை இருந்தது. அன்று அச்சானதை மட்டும் வைத்துச் சேதத்தைக் கணக்கிட்டால் பிழையாகிவிடும். பிற்காலத்தில் எழுதியவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

7. தீர்ப்பைப் படித்தல்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். பழைய இலங்கை உயர் நீதிமன்ற, குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகள் "நியூ லோ ரிப்போர்ட்ஸ்" என்ற ஆங்கிலத் தொகுதிகளாக வந்திருக்கின்றன. சட்ட நூல்கள் உள்ள நூலகங்களிலும் இணையத்திலும் படிக்கலாம். பண்டாரநாயக்க வழக்கின் மேன்முறையீடு 63ஆம் தொகுதியில் இருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சுட்ட பிக்கு சோமராம தூக்கிலிடப்பட்டார். சதி செய்ததாகத் தண்டிக்கப்பட்ட மற்ற இருவரின் மரண தண்டனை ஆயுள் தண்டனையாகியது. காரணம், மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்த சட்டத்தின் சொற்கள், முன்பே செய்த கொலைச் சதியைத் தம்முள் அடக்கவில்லை. இரண்டு உயிர் சட்டத்தின் ஒரு வாசகத்தில் தொங்கியது. எந்த நாவலாசிரியரும் இப்படி ஒரு திருப்பத்தை வைக்கத் துணிய மாட்டார்.

ஆனால் எல்லா வழக்குக்கும் இது உதவாது. விடுதலையாகி முடிந்த வழக்குக்கு, சாட்சிகளை முழுதாக அலசும் மேன்முறையீட்டுத் தீர்ப்பு இருக்காது. சதாசிவம் வழக்கு அப்படித்தான். அதற்குப் பத்திரிகையும் புத்தகமும்தான் துணை. தடயவியல் மருத்துவப் பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ ஆங்கிலத்தில் எழுதிய நூல் ஒன்று உண்டு.

8. செலவும், கொப்பியின் இரண்டாம் பக்கமும்

நான் மாதம் 2,500 ரூபாய் ஒதுக்கினேன். பஸ், போட்டோ கொப்பி, இரண்டு பழைய புத்தகம், அவ்வளவுதான். முதல் மாதம் மட்டும் படம் எடுக்கவும் பிரதி எடுக்கவும் வைப்புப் பணத்துக்கும் கூடுதலாக வையுங்கள். ஆவணத்துக்கு ஒரு வாரம், அட்டைக்கு இரண்டு வாரம், சுவடிகளுக்கு ஒரு நாள் என்று வைத்தால் ஒன்றரை மாதத்துக்குள் ஒரு சம்பவத்தை முழுதாகப் படித்துவிடலாம்.

படிக்கும்போது கொப்பியின் இரண்டாம் பக்கத்தில் நேரக் கோடு ஒன்று போடுங்கள். சதாசிவம் வழக்கை எடுத்தால், 1951 அக்டோபர் 9, பம்பலப்பிட்டி சென் அல்பன்ஸ் பிளேஸ். இலங்கைக் கிரிக்கெட் அணித் தலைவராக இருந்த அவர், காலை பத்தரை மணியளவில் வாடகைக் காரில் வீட்டை விட்டுப் போகிறார். மனைவி இறந்தது அதற்கு முன்பா, பின்பா? அரச தரப்பு மருத்துவர் பேராசிரியர் டி சேரம் ஒன்று சொன்னார். எடின்பரோவிலிருந்து வந்த சேர் சிட்னி ஸ்மித் வேறொன்று சொன்னார். சதாசிவத்துக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். மன்னிப்புப் பெற்ற வீட்டு வேலைக்காரர் அரச தரப்புச் சாட்சியானார். ஐம்பத்தேழு நாள் விசாரணைக்குப் பிறகு, 1953 ஜூனில் ஜூரர்கள் விடுதலை செய்தார்கள். யார் எந்த நேரத்தைச் சொன்னார் என்பதை இடது பக்கமும், எதை வைத்துச் சொன்னார் என்பதை வலது பக்கமும் எழுதுங்கள். ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு வரி.

அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்க்க ஆசை வரும், எனக்கும் வந்தது. காலி வீதியிலிருந்து நடந்தே போகலாம். ஆனால் அங்கே இப்போது மனிதர்கள் குடியிருக்கிறார்கள், இறந்தவருக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். வீட்டு வாசலில் நின்று படம் எடுக்காமல், காலி வீதி முனைவரை எத்தனை நிமிடம் என்று மணிக்கூட்டைப் பார்த்து நடந்துவிட்டு, அந்த எண்ணை நேரக் கோட்டுக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.